எழுபது குறியீட்டில் ஒரு வகுப்பறை

விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளின் தமிழ் வகுப்புகளில் ஐயம் கேட்க எழுபவர் என்றுமே சிலர்தாம். செஞ்சியிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் பேருந்தேறி வரும் மாணவர் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அறுபது பேர் முன் வாய் திறக்கக் கூசுவர். வகுப்பில் எழாத வினா இரவில் குறுஞ்செய்தியாக வருவதை 2000களின் பிற்பாதியில் இப்பகுதியில் கற்பித்த நாம் அறிவோம். மொழி தமிழ், எழுத்து மட்டும் உரோமன்.

அதை மாணவரின் சோம்பல் என்று மேடைகளில் கடிந்தவர் உண்டு. கணக்கைப் பார்த்தால் அவ்வாறு சொல்லத் தோன்றாது. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் முதல் குறுஞ்செய்தியாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்தை அனுப்பினார். ஒரு செய்திக்கு 140 பைட்டு இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட்டு போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்கின. தமிழின் யூனிகோடு குறியீடு ஒவ்வொன்றுக்கும் 16 பிட்டு, ஆகவே எழுபதுதான். அதிலும் 'கு' நமக்கு ஓரெழுத்து, இயந்திரத்துக்கு இரண்டு. மெய்யின் புள்ளிக்கும் தனிக் குறியீடு. (தொல்காப்பியர் கணக்கு வேறு!)

திருக்குறளின் முதற்குறளை எண்ணிப் பார்த்தோம்: இடைவெளி உட்பட 45. குறள் அடங்கிவிடும், மிஞ்சும் 25இல் எந்த உரையை அடக்குவது? பரிமேலழகரை நினைக்கவே வேண்டா. செய்தி இரண்டானால் கட்டணமும் இரண்டு. பெறுபவரின் கைபேசியில் தமிழ் எழுத்துரு இல்லையேல் வெறுங் கட்டங்களே தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளிவந்து இதற்கு வழிகாட்டியது; ஆனால் அதற்கேற்ற கைபேசி வேண்டும்.

அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் வளாகத்தில் செல்பேசியைத் தடைசெய்தது. 2011 செப்டம்பரில் விளம்பரத் தொல்லையை ஒழிக்க எண்ணித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஓர் இணைப்பிலிருந்து நாளொன்றுக்கு 100 செய்தி என வரம்பிட்டது. அறுபது பேருக்குக் காலையில் ஒரு வினா, மாலையில் அதன் விடை என்றால் 120! பின்னர் வரம்பு 200 ஆயிற்று. 2012இல் தில்லி உயர் நீதிமன்றம் தனிமனிதர் செய்திகளுக்கு அதனை நீக்கியது. அதற்குள் வாட்ஸ்அப் வந்துவிட்டது.

இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ் விசைப்பலகையும் கைபேசியிலேயே இருக்கிறது. மாணவர் இன்னும் உரோமன் எழுத்தில்தான் கேட்கின்றனர். 'திணை'க்கு எந்த னகரம் ஐயா என்றும் அவ்வெழுத்திலேயே வினா வருகிறது. அதிலோ ண, ந, ன மூன்றுக்கும் ஒரே எழுத்து.