கொங்குநாட்டு ஆலைத்தொழிலும் விடுமுறை உரிமையும்

விடுமுறை நாளில் வேலைக்கு அழைக்கப்படும் தொழிலாளிக்கு உரியது யாது என்னும் வினாவிற்கு இன்று சட்டநூலில் எளிதில் விடை காணலாம். ஆயின் கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை எழுந்த நாள்தொட்டு அவ்விடை உருப்பெற எழுபது ஆண்டுகள் சென்றன. முதலாளியின் கொடையாக இருந்த விடுமுறை, தொழிலாளியின் உரிமையாக மாறிய வரலாற்றைக் கொங்குநாட்டை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கொங்குநாட்டார் விழாவினை 'நோம்பி' என வழங்குவர். நோன்பு என்னும் சொல்லே இங்ஙனம் திரிந்தது. மாட்டுப் பொங்கல் இவர்களுக்குப் பட்டிப்பொங்கல்; ஆடி நோம்பியும் மாரியம்மன் நோம்பியும் ஊரார் அனைவரும் கூடிக் கொண்டாடுவன. அந்நாள்களில் ஏர் பூட்டாமை ஊர் வழக்கு. எனினும் அவ்வோய்வை உரிமை என்று கூறுதல் பொருந்தாது. பண்ணையாளின் ஓய்வு நிலமுடையவரின் இசைவைப் பொறுத்தே அமைந்தது. நோம்பியன்றும் மாட்டுக்குத் தீனியிடுதலும் நீர் காட்டுதலும் அவன் மேலனவாகவே இருந்தன.

1888-இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் முயற்சியால் கோயம்புத்தூர் நூற்பு நெசவாலை தோன்றியது. 1930-களில் பைக்காரா மின்னாற்றல் கிடைத்தபின் ஆலைகள் விரைந்து பெருகின. காலத்தை ஞாயிற்றின் நிலைகொண்டு அளந்த மக்கள் ஆலைச்சங்கின் ஒலிகொண்டு அளக்கத் தலைப்பட்டனர். இம்மாற்றத்தால் விடுமுறையின் பொருளும் மாறிற்று. நாட்கூலி பெறுவோனுக்கு ஆலை மூடிய நாள் கூலியற்ற நாள். நோம்பி கொண்டாடினால் கூலி போயிற்று. கூலி தேடினால் நோம்பி போயிற்று. இவ்விரண்டு இழப்புகளுள் ஒன்றைத் தொழிலாளி ஏற்றே தீரவேண்டிய நிலையே நாம் ஆராயும் சிக்கலின் வேர் ஆகும்.

தொடக்ககாலச் சட்டங்கள் இவ்வேரைத் தொடவில்லை. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்க்கு மட்டும் திங்களுக்கு நான்கு நாள் ஓய்வு வகுத்தது. பம்பாயில் நாராயண மேகாஜி லோகாண்டே நடத்திய இயக்கத்தின் பயனாக 1890-இல் அந்நகரத்து ஆலைமுதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டுச் சட்டம் வார ஓய்வைப் பொதுவாக்கிற்று. 1921-இல் உலகத் தொழிலாளர் அமைப்பும் தொழிலகங்களின் வார ஓய்வு குறித்து உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. இவையனைத்தும் வார ஓய்வைப் பற்றியனவே. விழா நாள்களோ ஆலைதோறும் நிலவிய வழக்கத்தையும், தொழிற்சங்கங்கள் பேசிப் பெற்ற உடன்பாட்டையும், தீர்ப்பாயங்களின் முடிவுகளையும் சார்ந்திருந்தன. கோவையில் என். ஜி. இராமசாமி முதலியோர் 1930-களில் தொழிலாளரை ஒன்றுதிரட்டியபின் இவ்வாறு பேசிப் பெறும் வலிமை வளர்ந்தது. ஆயினும் சங்கம் வலுவற்ற இடத்தில் விடுமுறையும் வலுவற்றதாயிற்று.

காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்டராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டின் 33-ஆம் சென்னைச் சட்டம் நிறைவேறியது. தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகளைப் பற்றிய சட்டம் அது. ஆலைகளோடு கடைகளும் தோட்டங்களும் அதன் வரம்பிற்குட்பட்டன. இன்றைய வடிவில் அது சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களையும், ஐந்து பண்டிகை நாள்களையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறைகளாக வழங்குகிறது. இவற்றுள் மே தினம் பிற்காலத் திருத்தத்தால் இடம்பெற்றது. ஒப்பந்தம் எவ்வாறு கூறினும் இந்நாள்களுக்கு ஊதியம் உண்டு என்பது அதன் முதன்மையான விதி. நோம்பியா கூலியா என்னும் பழைய இக்கட்டை இவ்விதி அறுத்தது.

இச்சட்டம் விடுமுறை நாளில் வேலை வாங்குதலை அறவே தடுக்கவில்லை. இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் அறிவித்து, அதன் படியை ஆய்வாளருக்கும் அனுப்பி, தொழிலாளியை வேலைக்கு அழைக்கலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. அன்று உழைத்தவர் இரட்டிப்பு ஊதியம் பெறலாம். அல்லது அன்றைய ஊதியத்தோடு, ஊதியத்துடன் கூடிய மாற்று விடுமுறை ஒன்றைப் பெறலாம். நாட்கூலி 600 ரூபாயாயின், 1,200 ரூபாய் பெறுதல் ஒரு வழி. 600 ரூபாயும் பிறிதொரு நாள் ஊதியத்துடன் ஓய்வும் பெறுதல் மற்றொரு வழி. இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்பது தொழிலாளியின் விருப்பம். முதலாளியின் விருப்பம் அன்று. இதுவே சட்டத்தின் உயிர்நிலை என்பது எம் கருத்து. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் வார ஓய்வு விதியோடு ஒப்பிடின் இது விளங்கும். ஆண்டு, வார ஓய்வுநாளில் உழைத்தவருக்கு முன்னோ பின்னோ மூன்று நாள்களுக்குள் மாற்று நாள் இருந்தது. பணமா ஓய்வா எனத் தேரும் உரிமை இருக்கவில்லை.

மற்றொன்றும் நோக்கற்பாலது. அரசு அலுவலகங்களும் வங்கிகளும் மூடும் நாளெல்லாம் ஆலைக்கு விடுமுறை ஆகிவிடாது. ஐந்து பண்டிகைகள் எவை என்பதை, முதலாளி, தொழிலாளர் ஆகிய இருதரப்பையும் கலந்து ஆய்வாளர் குறிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பட்டிப்பொங்கல் வேண்டுமா, ஆயுத பூசை வேண்டுமா என்று கூறும் வாய்ப்பு தொழிலாளருக்கு உண்டு. கலந்துபேசுதல் வெறுஞ் சடங்காயின் அவ்வாய்ப்பு வீணாகும்.

சட்டம் அளித்த உரிமை எல்லார் கைக்கும் ஒருங்கே எட்டுவதன்று. வருகைப்பதிவேடும் சங்கமும் உள்ள பேராலையில் இதனைக் கேட்டுப் பெறுதல் எளிது. சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களிலும் திருப்பூரின் பின்னலாடைப் பட்டறைகளிலும் துண்டுக்கணக்கில் கூலி பெறுவோர் பலர். நெய்த மீட்டருக்கும் தைத்த உருப்படிக்கும் மட்டும் கணக்கெழுதும் இடத்தில், உழைக்காத நாளின் ஊதியம் ஏட்டில் ஏறுதல் அரிது. பெயர் ஏட்டில் ஏறாத தொழிலாளி தன் உரிமையை மெய்ப்பிக்கவும் இடர்ப்படுகிறான். எனவே 1958-ஆம் ஆண்டுச் சட்டம் விடுமுறையைக் கொடையென்னும் நிலையினின்று உரிமையென்னும் நிலைக்கு உயர்த்தியது என்பதோடு, அவ்வுரிமை வாழ்வது பதிவேட்டிலும் தொழிலாளரின் ஒற்றுமையிலுமே என்பதும் இவ்வரலாற்றால் பெறப்படும்.