கடலோடு போன வண்டி

மதுரைக்காரர்களான நமக்குப் புயல் என்பது பெரும்பாலும் பத்திரிகைச் செய்திதான். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்ப்போம். ஆனால் 1964-ஆம் வருஷத்து மார்கழிப் புயலை அப்படி ஒதுக்கிவிட முடியாது. ராமநாதபுரம் ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி அப்போது மதுரையில்தான் இருந்தது. தனுஷ்கோடி வரை போன இருப்புப் பாதையும் மதுரை டிவிஷனைச் சேர்ந்ததே.

டிசம்பர் 17-ந் தேதி, அந்தமானுக்குத் தெற்கே, பூமத்திய ரேகைக்கு ஐந்தே டிகிரி வடக்கில் பிறந்தது அது. அவ்வளவு தெற்கில் புயல் பிறப்பது அபூர்வம். காற்றைச் சுழற்றிவிடும் பூமியின் விசை அங்கே பலவீனம். பிறகு நேர்கோடு பிடித்தாற்போல் மேற்கே நடந்து, 22-ந் தேதி வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியில் ஏறிற்று.

நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனை விட்டுப் புறப்பட்டிருந்தது 653-ஆம் எண் பாசஞ்சர். தனுஷ்கோடிக்கு அருகே கைகாட்டி இறங்கவில்லை. டிரைவர் கொஞ்சம் நின்று பார்த்தார். நீளமாக ஊதிவிட்டு வண்டியை நகர்த்தினார். அலை வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. டிக்கெட்டில்லாமல் ஏறியவர்களை எந்தக் கணக்கில் தேடுவது? டிரைவர் செய்தது தப்பு என்று இன்று சொல்லிவிடலாம். இருட்டில், மழையில், முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரை வைத்துக்கொண்டு நின்றவருக்கு வேறென்ன தோன்றியிருக்கும்?

பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் போயின. கடலில் கிடந்தவற்றையும் தூக்கியெடுத்து, இ. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்ஜினீயர் 46 நாளில் பாலத்தை நிமிர்த்திவிட்டார். தனுஷ்கோடியை மட்டும் யாரும் நிமிர்த்தவில்லை. வசிக்கத் தகுதியற்ற ஊர் என்று சர்க்கார் எழுதிவிட்டது. இலங்கைக்குப் போகிறவர்கள் அப்புறம் ராமேஸ்வரத்திலேயே இறங்கிக் கப்பலேறினார்கள்.