ஏரிக்குப் பின் ஏரி: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் மழைநீர் வழிகள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நிலம் மேற்கே செஞ்சி மலைகளிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களிலேயே பெருமழை கொட்டித் தீர்க்கும். மற்ற மாதங்களில் ஆறுகள் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். இந்தச் சரிவை ஒட்டி வெட்டப்பட்டவையே இங்குள்ள சங்கிலித் தொடர் ஏரிகள்.

ஏரியின் அமைப்பு எளிமையானது. பள்ளத்துப் பக்கம் மண்கரை, மேட்டுப் பக்கம் வரத்து வாய்க்கால், கரையில் பாசன மதகு, கரையோரத்தில் கலங்கல். மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீரே கீழ் ஏரிக்கு வரத்து. பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் கற்களுக்கு நடுவே களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்துக் கூடுதலாகச் சில அடி நீரைத் தேக்குவார்கள். வெள்ளம் வந்தால் அடைப்பைப் பிரித்துவிடுவார்கள்.

பல்லவன் இராஜசிம்மன் கோயில் எழுப்பிய பனமலையின் அடிவாரத்தில் பெரிய ஏரி ஒன்று உள்ளது. திருவண்ணாமலைப் பக்கம் துரிஞ்சலாற்றில் பிரியும் நந்தன் கால்வாய், ஏறக்குறைய 38 கி.மீ. ஓடி, வழியில் பல ஏரிகளை நிரப்பி அதில் வந்து சேர்கிறது. இவற்றைக் காத்தது குடிமராமத்து. தூர் வாருவதும் கரை கட்டுவதும் ஊராரின் கடமையாக இருந்தன. வாரிய வண்டல் வயலுக்கு எருவானது. இந்த வழக்கம் தளர்ந்தபோது ஆங்கிலேய அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தால் பழைய கட்டுக்கோப்பு மீளவில்லை. பின்னர் பம்புசெட்டுகள் பரவ, உழவர் கிணற்றை நம்பினர். வரத்து வாய்க்கால்கள் புதர் மண்டின.

நகரங்கள் இந்த ஏரி வலைக்குள்ளேயே வளர்ந்தன. விழுப்புரத்தின் புதிய பேருந்து நிலையம் ஏரி நிலத்தில் எழுந்தது. கனமழை பெய்தால் அங்கே நீர் தேங்குகிறது. ஏரியைத் தூர்த்தால் தேங்கும் இடம்தான் போகும், சரிந்து வரும் நீர் நிற்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை பதிவானது. இரு நகரங்களிலும் தாழ்வான பகுதிகள் மூழ்கின.

இன்று ‘பசுமை உள்கட்டமைப்பு’ எனப்படுவதும் இந்த ஏரிகளைப் போலவே மழைநீரைக் குழாயில் விரட்டாமல் மண்ணிலும் குளத்திலும் செடிகொடிகளிலும் நிறுத்தி மெல்ல விடும் முறை. இதே மாவட்டத்தின் வானூர்ப் பக்கத்தில் அதற்குச் சான்று உண்டு. 1968-இல் ஆரோவில் குடியிருப்பு தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மரமற்று, மழைநீர் அரித்த ஓடைகளாகக் கிடந்தது. வயல்களைச் சுற்றி வரப்பு உயர்த்தி, ஓடைகளில் தடுப்புகள் கட்டி, மரம் நட்டதில் மேடு காடானது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கியது.

ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே தூர் வாரும் திட்டம் வந்தது. ஆனால் ஏரியை மட்டும் ஆழப்படுத்தினால் போதாது. வரத்து வாய்க்காலும் கலங்கலுக்குக் கீழுள்ள போக்கு வாய்க்காலும் அடைபட்டிருந்தால், ஆழமான ஏரி கோடையில் வறண்டு கிடக்கும். மழையில் தெருவை நிரப்பும்.