கல்கத்தாவில் ஆடிய குரூன்ஃபெல்ட்

1855இல் கல்கத்தாவில் நடந்த ஒரு சதுரங்க ஆட்டத்தின் குறிப்பு இன்றும் கிடைக்கிறது. வெள்ளைக் காய்கள் ஜான் காக்ரேனிடம். ஸ்காட்லாந்துக்காரர், பாரிஸ்டர், இளமையில் லண்டனின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். கறுப்பு, மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளியிடம். காக்ரேன் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். பானர்ஜி குதிரையை வெளியே எடுத்தார். அடுத்து ராஜா பக்கக் குதிரைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம். மூன்றாம் நகர்வில் ராணிச் சிப்பாயால் நடுக்கட்டத்தில் நேரடி அடி. 1922இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் ஆடி, அவர் பெயரிலேயே நிலைத்துவிட்ட தொடக்கம் இது. 1855, நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் பிடிப்பதே முறை என்று ஐரோப்பா நம்பியிருந்த காலம் என்பதால், பானர்ஜியைக் காலத்தை முந்திய மேதை என்று புகழ்வது வழக்கம். அந்தப் புகழ்ச்சி அவரை வளர்த்த ஆட்டத்தை மறைத்துவிடுகிறது. அன்றைய இந்தியச் சதுரங்கத்தில் பெரும்பாலான இடங்களில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே போகும். கேஸ்லிங் கிடையாது, ராஜா ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பலகையில் படைகள் உடனே மோதுவதில்லை. சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, பின்னால் காய்களை அடுக்கிவிட்டுத்தான் சண்டைக்கு இறங்க முடியும். ஐரோப்பிய விதிக்கு மாறியபோதும் பானர்ஜியின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மூன்றாம் நகர்வில் அவரே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாரே, பழக்கம் எங்கே போனது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழக்கம் தந்தது காய்களின் அமைப்பை மட்டும்; எப்போது அடிக்க வேண்டும் என்பதைப் பல வருடங்கள் எதிரே உட்கார்ந்து தாக்கிய காக்ரேன்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். இருவரும் ஆடியவை நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். இன்னொரு ஆட்சேபம் வலுவானது: இன்று நம் கையில் இருப்பவை பெரும்பாலும் காக்ரேன் எழுதிவைத்தவை. ஆகவே பானர்ஜி தனி மனிதரா, ஊரில் பலர் ஆடிய பாணியின் ஒரு பிரதிநிதியா என்று அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் விதிகள் எல்லோருக்கும் பொது. அவை ஒருவரை மட்டும் இப்படி ஆட வைத்தன என்று நம்புவதுதான் கடினம். குரூன்ஃபெல்ட் பானர்ஜியிடமிருந்து எடுத்தார் என்று சொல்லவும் ஆதாரமில்லை. அவர் தலைமுறை நடுக்கட்டத்தைத் தூரத்திலிருந்தே தாக்கலாம் என்ற கொள்கை வழியாக வந்துசேர்ந்த இடத்துக்கு, வங்காளத்துக்காரர் விதி வழியாக முன்பே வந்திருந்தார்.