பிசின் என்று நினைத்தார்கள்!

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். பலாவும் முந்திரியும் விளைகிற செம்மண் பூமி. அங்கே பலாப்பழம் அறுப்பவர், முதலில் கையில் எண்ணெய் தடவிக்கொள்வார். இல்லாவிட்டால் பிசின் ஒட்டிக்கொண்டு பாடாய்ப்படுத்தும். நமக்குச் சுளைதானே முக்கியம்? பிசினைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்! மருத்துவ உலகமும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இப்படித்தான் இருந்தது.

1850-களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு செல்களுக்கு நடுவே நிரம்பிக் கிடந்த பொருளுக்கு ‘நியூரோக்ளியா’ என்று பேர் வைத்தார். ‘நரம்புப் பிசின்’ என்று அர்த்தம்! 1919-ல் ஸ்பெயினின் டெல் ரியோ ஒர்டேகா, அதற்குள்ளேயே ‘மைக்ரோக்ளியா’ என்ற குட்டி செல்களைத் தனியாக அடையாளம் காட்டினார். கழிவை விழுங்கிச் சுத்தம் செய்கிற செல்கள்.

சரி, வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அக்கி வந்தவர்களைக் கேளுங்கள். காவி குழைத்து அக்கி எழுதி, கொப்புளமும் காய்ந்துவிடும். ஆனால், வைரஸ் நரம்பையே சிதைத்திருப்பதால், சிலருக்கு மாதக்கணக்கில் எரிச்சல் நிற்காது. சட்டை உரசினாலே உயிர் போகும். “அதான் ஆறிடுச்சே, இன்னும் என்ன நடிப்பு?” என்பார்கள் வீட்டில். வலியைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலிக்கும்!

நடிப்பே இல்லை. 2003-ல் ஜப்பானின் சுடா, இனோவே, கனடாவின் சால்ட்டர் ஆகியோர் எலிகளின் நரம்பைக் காயப்படுத்திப் பார்த்தார்கள். தண்டுவடத்தில் மைக்ரோக்ளியா விழித்துக்கொண்டது. அதிலிருந்த ‘பி2எக்ஸ்4’ என்ற ஏற்பியைத் தடுத்ததும், லேசாகத் தொட்டாலே துடித்த எலி அமைதியானது. அடுத்ததுதான் ஆச்சரியம். தூண்டிவிட்ட மைக்ரோக்ளியாவை, காயமே படாத எலியின் தண்டுவடத்தில் செலுத்தினார்கள். அதற்கும் அதே வலி! இந்த செல்கள் சுரக்கும் ஒரு புரதம், வலியை அடக்கவேண்டிய சமிக்ஞையையே தலைகீழாக்குகிறது என்பது 2005-ல் தெரிந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி வேகமெடுப்பது மாதிரி!

மருந்து கண்டுபிடித்தாயிற்றா என்கிறீர்களா? அங்கேதான் சறுக்கல். க்ளியாவை அடக்கும் ‘புரோப்பென்டோஃபிலின்’ எலிகளிடம் ஜெயித்தது. அக்கி வலியால் தவித்த மனிதர்களிடம் தோற்றதாக 2013-ல் முடிவு வந்தது. 2015-ல் இன்னொரு அதிர்ச்சி... பெண் எலிகளிடம் மைக்ரோக்ளியாவை முடக்கியும் வலி குறையவில்லை. அங்கே வேறு செல்கள் பொறுப்பாம்!

ஆராய்ச்சி தொடரட்டும். அக்கி கண்டால் மூன்று நாளைக்குள் டாக்டரிடம் போங்கள். காய்ந்த பிறகும் எரிகிறது என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்புங்கள். புண் ஆறியிருக்கலாம்... உள்ளே ‘பிசின்’ இன்னும் விழித்திருக்கக்கூடும்!