விடுதலையும் சமத்துவமும்

1976 மே 14இல் வட்டுக்கோட்டைப் பண்ணாகத்தில் நிறைவேறிய தீர்மானம், தனியரசுக் கோரிக்கையாலேயே பெரிதும் நினைக்கப்படுகின்றது. அமையும் அரசில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை சட்டத்தால் தண்டிக்கப்படும் என்று அது உறுதிகூறியதைப் பலர் நோக்குவதில்லை. அடிமைமுறை 1844இலேயே ஒழிக்கப்பட்ட மண்ணில், 132 ஆண்டுகளின் பின்னரும் இவ்வுறுதி வேண்டப்பட்டது ஏன்?

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை, கோவியர், பள்ளர், நளவர் முதலியோரை அடிமைகளாக வகுத்தது. நிலத்தைப் போன்று அடிமைகளும் சீதனமாகக் கொடுக்கப்பட்டனர். ஆங்கிலேயர் 1821இல், பிறக்கும் பெண்மகவுகளை எசமானருக்கு விலைகொடுத்து மீட்க விதிசெய்தனர். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அடிமைமுறையை முற்றாக நீக்கினர்.

ஆயின், நீங்கியது உடைமையுரிமை மட்டுமே. விடுபட்டோர் பலர் நிலமற்றோராய்ப் பழைய எசமானரின் காணிகளிலேயே தங்கினர். கிணறும் தேநீர்க்கடையும் கோயிலும் அவர்க்கு மூடியே கிடந்தன. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் போராட நேர்ந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, கடை, உணவகம், தம் மத வழிபாட்டிடம் ஆகியவற்றிற் புகுவதற்குச் சாதி தடையாகாது என வெளிப்படையாகவே விதித்தது.

ஒருவரை உடைமையாகக் கொள்வதைச் சட்டம் ஒரேநாளில் விலக்கியது. அவரை நிகராக ஏற்பதோ, சட்டம் பலமுறை எழுதப்பட்டும் முடியாத கருமமாயிற்று. அடிமைமுறையின் வரலாற்றை 1844உடன் முடித்துவிடுவது பொருந்தாது என்பதற்கு இதுவே காரணமாகும்.