மலை முகட்டில் ஒரு முகிலன்

போர்க்கள வரலாறு பெரும்பாலும் வென்றவர் பெயராலும் வீழ்த்தியவர் பெயராலுமே எழுதப்படுகிறது. எத்தனை பகைவரை மாய்த்தான் என்பதே வீரத்தின் அளவுகோலாய்க் கொள்ளப்படுகிறது. ஆனால், குண்டு பட்டுக் குற்றுயிராய்க் கிடப்பவனைத் தேடி, குண்டுமாரிக்கு நடுவே வானிலிருந்து இறங்குகிறானே ஒருவன், அவனுடைய வீரத்தை எந்தக் கோல்கொண்டு அளப்பது?

பழைய வடாற்காட்டு மக்களுக்கு இக்கேள்வி அயலானதன்று. ஆரணிப் பட்டின் தறியோசை கேட்கும் சந்தவாசல் தொடங்கி வேலூர் வரையுள்ள ஊர்கள் பலவும் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பி வந்தவை. கம்மவான்பேட்டை என்னும் ஊர் இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்றுவிட்டது. எல்லையில் போர் மூண்டது என்ற செய்தி வந்தால், இவ்வூர் வீடுகளில் முதலில் எழும் கேள்வி வெற்றியா தோல்வியா என்பதன்று; "பிள்ளை உயிரோடு இருக்கிறானா?" என்பதுதான். அக்கேள்விக்கு "ஆம்" என்ற விடை கிடைக்கப் பல வேளைகளில் காரணமாய் அமைந்தது ஹெலிகாப்டர் என்னும் ஊர்தி.

இவ்வூர்தி போர்க்களத்தில் முதன்முதலாகச் செய்த பெரும்பணியே உயிர் மீட்புத்தான் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். அதிலும் அப்பணி நம் நாட்டு மண்ணிலிருந்து தொடங்கிற்று. 1944 ஏப்ரலில், ஜப்பானியரின் பிடியிலிருந்த பர்மியக் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. அதன் அமெரிக்க விமானியும், உடனிருந்த காயம்பட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் மூவரும் பகைவர் சூழக் காட்டில் ஒளிந்து கிடந்தனர். அசாமிலுள்ள லாலாகாட் தளத்திலிருந்து கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அதிகாரி ஒரு சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டரில் புறப்பட்டார். வெப்பக் காற்றில் திணறிய அவ்வூர்திக்கு ஒரு முறைக்கு ஒருவரைத்தான் சுமக்க முடிந்தது. ஆயினும் அவர் சலிக்கவில்லை. ஏப்ரல் 25, 26 ஆகிய இரு நாள்களில் ஒருவர் ஒருவராக நால்வரையும் மீட்டார்.

இருபது ஆண்டுகளுக்குப் பின், வியட்நாமில், காயம்பட்டோரைச் சுமக்கும் ஹெலிகாப்டர்ப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கினார் மேஜர் சார்லஸ் கெல்லி. அந்த ஹெலிகாப்டர்களை வேறு பணிகளுக்கும் பயன்படுத்தலாம் என்று மேலிடம் கருதியபோது, அவை காயம்பட்டோருக்கே உரியவை என்று வாதாடி நின்றவர் அவர். 1964 ஜூலை 1ஆம் நாள், கடுஞ்சமருக்கிடையே இறங்கிய அவரை உடனே விலகிச் செல்லுமாறு தரையிலிருந்தோர் எச்சரித்தனர். காயம்பட்டோரை ஏற்றிக்கொண்டபின் செல்வேன் என்பதே அவர் அளித்த விடை. அடுத்த கணம் ஒரு குண்டு அவர் உயிரைக் குடித்தது. அவருடைய அந்த விடையே பின்வந்த மீட்பு விமானிகளுக்குத் தாரக மந்திரமாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1999ஆம் ஆண்டு. கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவியோர் அரண் அமைத்துக்கொண்டு, சிறீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தனர். திராஸ் ஊருக்கு மேலே ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் நிற்கும் தோலோலிங் முகட்டை மீட்க 18ஆம் கிரனேடியர்ஸ் படையினர் ஏறினர். மறைவிடமற்ற மொட்டைச் சரிவு அது. மேலிருந்து பொழிந்த குண்டுகளுக்கிடையே அவர்களால் முன்னேறவும் இயலவில்லை. வீழ்ந்தவர்களை எளிதில் கீழே கொணரவும் இயலவில்லை.

மே 26ஆம் நாள் இந்திய விமானப்படை களத்தில் இறங்கியது. மறுநாளே இரு விமானங்களை இழந்தது. எந்திரம் நின்றுபோனதால் விமானி நச்சிகேதா குதித்துத் தப்பினார். அவர் எங்கே இறங்கினார் என்று கண்டறிந்தால்தான் மீட்புக்கு வழி பிறக்கும் என்று, ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகூஜா அவ்விடத்தையே சுற்றிப் பறந்தார். ஏவுகணை அவர் விமானத்தைத் தாக்கிற்று; தோழரைத் தேடப் போனவர் திரும்பவில்லை. மறைவுக்குப் பின் வீர சக்கர விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அதற்கும் அடுத்த நாள், மே 28. சர்சாவா தளத்தைச் சேர்ந்த 152ஆம் ஹெலிகாப்டர்ப் பிரிவின் எம்.ஐ-17 ஒன்று தோலோலிங் நோக்கிப் புறப்பட்டது. அதில் இருந்தோர் நால்வர்: ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், பிளைட் லெப்டினன்ட் சு. முகிலன், சார்ஜெண்டுகள் பிரசாத், சாகு. முகில் என்னும் தமிழ்ச் சொல்லைப் பெயரில் தாங்கிய வீரர், முகில் தவழும் அம்மலையை நோக்கிச் சென்றார்.

எம்.ஐ-17 இயல்பில் சுமைதூக்கும் ஊர்தி. அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் மேலே கொண்டு செல்லும். நோயாளியையும் காயம்பட்டவனையும் கீழே கொணரும். அன்று அது மீட்புக்காகச் செல்லவில்லை. ராக்கெட்டுகளைச் சுமந்து தாக்குதலுக்கே சென்றது. மேலிருந்து சுடுவோரை அடக்கினாலன்றிச் சரிவில் கிடப்போருக்கு விடிவில்லை என்பதே அதற்குக் காரணம்.

எந்திரத்தின் வெப்பத்தை மோப்பம் பிடித்துத் துரத்தும் ஏவுகணைகள் பகைவரிடம் இருந்தன. அவற்றைத் திசைதிருப்பச் சுடர்களை வீசும் கருவி ஒன்று உண்டு. அந்த ஹெலிகாப்டரில் அக்கருவி இல்லை. வானில் காத்திருக்கும் ஆபத்து முன்னாளிலேயே தெரிந்துவிட்டது. அறியாமல் சென்றவர்களல்லர் அவர்கள், அறிந்தே சென்றார்கள். இலக்கைத் தாக்கிவிட்டுத் திரும்பும் வேளையில் ஸ்டிங்கர் ஏவுகணை பாய்ந்தது. நால்வரும் அம்மலையிலேயே உயிர் நீத்தனர். வாயு சேனா பதக்கம் அவர்களுக்கு மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது.

அதன்பின் எம்.ஐ-17 ஊர்திகள் தாக்குதல் பணியினின்று விலக்கப்பட்டுத் தம் இயல்பான பணிக்குத் திரும்பின. ஜூன் 13ஆம் நாள் தோலோலிங் மீட்கப்பட்டது. ஜூலை 26இல் போர் முடிந்தது. இந்திய வீரர் 527 பேர் உயிர் துறந்தனர். 1,363 பேர் காயமுற்றனர். காயமுற்றோரைக் கொணரவும் படைகளுக்கு வேண்டியவற்றைச் சேர்க்கவும் ஹெலிகாப்டர்கள் 2,000 முறைக்கு மேல் பறந்தன. காற்று மெலிந்த அவ்வுயரத்தில் சிறு சீத்தா ஹெலிகாப்டருக்கு ஓரிருவரைத் தூக்குவதே அரும்பாடு. அவ்வாறு சிறுகச் சிறுகத்தான் பலர் கீழிறங்கினர். இன்று தம் மக்களோடும் பேரப்பிள்ளைகளோடும் வாழும் முன்னாள் வீரர் பலருக்கு அப்பயணமே மறுபிறப்பு.

இவ்வரலாறு நமக்கு இரண்டைச் சொல்கிறது. ஒன்று, பிறர் உயிரின் பொருட்டுத் தன் உயிரைப் பணயம் வைப்பவன், கையில் வாளில்லாதபோதும் வீரனே. மற்றொன்று, ஆள்வோருக்கு உரியது. நாடு தன் மக்களிடம் வீரத்தைக் கேட்கலாம். கொடுக்கத் தவறிய கருவிக்கும் சேர்த்து அவர்கள் உயிரை விலையாகக் கேட்கலாகாது. ஒரு சுடர்க்கருவி இருந்திருந்தால் அந்நால்வரும் திரும்பியிருக்கவும் கூடுமன்றோ?

பதக்கம் சுவரில் தொங்கும். கல்வெட்டு மழையில் மங்கும். வீட்டில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் கதைகளே நிலைத்து நிற்பவை. பாட்டன் பட்டாளத்தில் இருந்த கதையைச் சொல்லும்போது, தோலோலிங்கில் வீழ்ந்த முகிலனின் பெயரையும் அவருடன் மடிந்த மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.